பழைய கேம்பர் வேனில் டீசல் டேங்க் ஒழுகினால்: ஒட்டுவதா, பற்றவைப்பதா, மாற்றுவதா?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகிறவர்கள், ஏறுவதற்கு முன்னால் இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொள்வது வழக்கம். கேரளத்தில் டீசல் விலை கூடுதல். பழைய வேனைப் படுக்கை, அடுப்போடு கேம்பராக மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். அரை டேங்கில் மாதக்கணக்காக ஒழுகாத வண்டி, புல் டேங்க் அடித்து எஸ் வளைவில் சாயும்போது ஒழுக ஆரம்பிக்கும். மேலே டீ குடிக்க நிறுத்தினால் அடியில் டீசல் சொட்டிக்கொண்டிருக்கும்.

அதைப் பார்த்ததும் ஒருவர் எம்-சீல் வாங்க ஓடுவார். ஒருவர் வெல்டிங் பட்டறைக்கு வண்டியைத் திருப்புவார். இன்னொருவர் பழைய டேங்க் கிடைக்குமா என்று மதுரைக்குப் போன் போடுவார். மூன்றுமே சரியான வழிகள்தான், ஆனால் வேறு வேறு ஓட்டைகளுக்கு. எந்த ஓட்டைக்கு எது என்று தெரியாமல் இறங்கினால் பணம் போவது ஒரு பக்கம், உயிருக்கே ஆபத்து இன்னொரு பக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடு தேவைப்படாத வேலை எல்லாவற்றையும் வீட்டு வாசலில் நாமே செய்யலாம், நன்றாகவும் செய்யலாம். சூடு தேவைப்படும் வேலையை, அதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம், டேங்கின் உள்ளே துரு பிடித்திருந்தால் எந்த ஒட்டும் நிரந்தரம் ஆகாது. அந்த டேங்கை மாற்றத்தான் வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. டூரிஸ்ட் வேனில் ஆள் உட்கார்ந்து போவார்கள், இறங்குவார்கள். கேம்பரில் அந்த டேங்குக்கு மேலே பலகை போட்டு, மெத்தை விரித்து, குழந்தைகளோடு தூங்குகிறோம். சில அடி தள்ளி கேஸ் அடுப்பும் இருக்கிறது.

ஓட்டை எங்கே என்று பார்ப்பது

டீசல் தகட்டோடு படர்ந்து ஊர்ந்து போய் எங்கே தாழ்வோ அங்கே சொட்டும். சொட்டும் இடத்துக்கும் ஓட்டைக்கும் ஒரு முழம் தூரம்கூட இருக்கலாம். அதனால் டேங்கின் வெளிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டு மண் போகக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் எந்த இடத்தில் பவுடர் முதலில் நனைந்து கறுக்கிறதோ அதுதான் பிறப்பிடம். சாக்பீஸைத் தேய்த்துவிட்டாலும் தெரியும்.

இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்தவர்களில் பலருக்கு டேங்கைத் தொட வேண்டிய வேலையே இருக்காது. டேங்கின் மேல்பக்கம், டீசல் அளவைக் காட்டும் ப்ளோட் உட்காரும் இடத்தில் உள்ள கேஸ்கெட் காய்ந்து வெடித்திருக்கும். மிச்ச டீசல் இன்ஜினிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் கீறியிருக்கும். டீசலை வடிக்கும் டிரெயின் நட்டின் வாஷர் நசுங்கிப் போயிருக்கும். புல் டேங்கில் ஒழுகி, கொஞ்சம் ஓடிக் குறைந்ததும் தானாக நின்றுவிடுகிறது என்றால் முதலில் மேல்பக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேஸ்கெட், ஹோஸ், வாஷர் மூன்றும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும்.

கேம்பரில் இங்கே ஒரு சிக்கல் வரும். வண்டியை மாற்றிக் கட்டும்போது தச்சர் தரை முழுக்க பிளைவுட் அடித்து, மேலே வினைல் ஷீட் ஒட்டியிருப்பார். ப்ளோட்டைக் கழற்ற வைத்திருந்த மூடி அதற்கு அடியில் போயிருக்கும். கேஸ்கெட் மாற்ற டேங்கையே இறக்க வேண்டிய நிலை. எப்படியும் இறக்குகிறோம் என்றால், அந்த இடத்துக்கு நேர் மேலே பிளைவுட்டில் ஒரு மூடியும் வெட்டிவிடுங்கள். சுற்றிலும் ரப்பர் பீடிங் கொடுத்தால் டீசல் வாடை படுக்கைக்கு வராது.

ஏர் பைப்பையும் மறக்க வேண்டாம். டேங்க் மூச்சுவிடும் குழாயில் மண் அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியின்றி தகடு உள்வாங்கும். நாளடைவில் தகடுகளை மடித்துச் சேர்த்திருக்கும் தையல் இணைப்பு விடும். அப்படி விட்ட இணைப்பை எத்தனை முறை அடைத்தாலும், குழாயைச் சுத்தம் செய்யாத வரை மறுபடி விடும்.

சரி, இதெல்லாம் இல்லை, தகட்டில்தான் ஓட்டை என்று உறுதியானால் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று. துரு வெளியிலிருந்து உள்ளே போனதா, உள்ளேயிருந்து வெளியே வந்ததா?

வெளித்துருவுக்குப் பெரும்பாலும் அந்த இரும்புப் பட்டைகள்தான் காரணம். டேங்கைத் தாங்கும் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் ரப்பரோ கம்பளித் துண்டோ வைத்திருப்பார்கள். தென்மலைப் பக்கத்துச் செம்மண் சேறு தெறித்து அதில் புகுந்துகொள்ளும். ஆனி ஆடிச் சாரலில் நனைந்தால் பல நாள் காயாது. பட்டையை அவிழ்த்துப் பார்த்தால், அந்த அகலத்துக்கு மட்டும் தகடு அப்பளம் மாதிரி செதில் செதிலாக உரிந்து நிற்கும், இரண்டு பக்கமும் பெயின்ட் அப்படியே இருக்கும். இந்த வகை ஓட்டை பிழைக்கக் கூடியது.

உள்துரு வேறு கதை. தினசரி ஓடும் வேனை விடக் கேம்பருக்குத்தான் அது அதிகம் வரும். சீசன் முடிந்ததும் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவிடுகிறோம். காலியாக இருக்கும் மேல்பாதியில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராகி, சுவரில் வழிந்து அடியில் சேரும். டீசல் தண்ணீரை விட லேசானது, லிட்டருக்கு 830 கிராம் அளவில்தான் இருக்கும். அதனால் தண்ணீர் எப்போதும் அடிமட்டத்தில், அதே மூலையில் கிடக்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக வழவழவென்று ஒரு படலம் உண்டாகும். அந்த மூலையில்தான் தகடு அரிக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கடைசி ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால், அடியில் தண்ணீரும் செம்பழுப்பு வண்டலும் தனியாகப் படிந்து தெரியும். டேங்கை இறக்கிய பிறகு ஓட்டையைச் சுற்றி ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். சொத்தைப் பல்லில் வெளியே கடுகளவு கறுப்புப் புள்ளிதான் தெரியும், உள்ளே பாதிப் பல் போயிருக்கும். உள்துரு பிடித்த டேங்கும் அப்படித்தான். ஊசித்துளை என்று நினைத்த இடத்தில் முனை சுலபமாக உள்ளே இறங்கினால், பக்கத்தில் ஓர் அங்குலம் தள்ளி அழுத்துங்கள். அங்கேயும் இறங்கினால் ஒட்டு, பற்று என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

ஒட்டு வேலை: நாமே செய்வது

வழியில் நின்றுவிட்டால் பழைய டிரைவர்கள் செய்வது சோப்பு. துணி துவைக்கும் கட்டிச் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்த்தால் ஒழுகல் நிற்கும். சோப்பு தண்ணீரில்தான் கரையும், டீசலில் கரையாது. தென்காசி வரை வந்து சேர அது போதும். சாரல் அடிக்கும் நாளில் சக்கரத் தண்ணீர் தெறித்துக் கரைத்துவிடும் என்பதால் அப்போது அதை நம்பி மலை இறங்க வேண்டாம்.

அடுத்தது எம்-சீல் போன்ற எபாக்சி பட்டி. இதை வெறும் தற்காலிக வேலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். டீசல் டேங்க், வெளித்துருவினால் வந்த சின்ன ஓட்டை, சுற்றிலும் கெட்டியான தகடு என்ற மூன்றும் சேர்ந்தால், ஒழுங்காகப் போட்ட எபாக்சி ஒட்டு வருஷக்கணக்கில் நிற்கும். எங்கள் வண்டியில் பட்டைக்கு அடியில் இருந்த ஓட்டைகளுக்கு இதைத்தான் செய்தோம், இன்னும் நிற்கிறது. போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது, பொருளில் இல்லை.

டீசல் மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கியாக வேண்டும். கசிந்துகொண்டிருக்கும் ஓட்டையில் எந்தப் பட்டியும் பிடிக்காது. கம்பி பிரஷால் துருவைத் தட்டி எடுத்துவிட்டு, சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு எமரி தாளால் வெள்ளித் தகடு தெரியும் வரை தேய்க்க வேண்டும். இதெல்லாம் கையால் செய்யும் வேலை. கிரைண்டர் வைத்தால் பொறி பறக்கும். அப்புறம் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், துணி கறுக்காமல் வரும் வரை துணியை மாற்றி மாற்றி. இங்கேதான் அவசரப்படுவார்கள். டீசல் எண்ணெய்ப் பசை கண்ணுக்குத் தெரியாத அளவு மிஞ்சினாலே பட்டி கெட்டியாகும், ஆனால் தகட்டைப் பிடிக்காது. பிசையும்போது இரண்டு நிறமும் கோடு தெரியாமல் ஒரே நிறமாக வர வேண்டும். முதலில் ஒரு சிறு உருண்டையை ஓட்டைக்குள் அழுத்தி, அதன் மேல் பெரிதாகப் பரப்பி, ஓரங்களை மெல்லியதாக நீவிவிட வேண்டும். ஒரு முழு நாள் காயட்டும். மழை ஈரத்தில் அதற்கு மேலும் விடுங்கள்.

பாதிப்பு உள்ளங்கை அகலம் இருந்தால் பட்டி மட்டும் போதாது. பைபர் துணியை எபாக்சி ரெசினில் நனைத்து இரண்டு மூன்று அடுக்கு போடலாம். கடையில் கேட்கும்போது எபாக்சி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி, கூரை வேலைகளுக்குக் கொடுக்கும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் எரிபொருளுக்கு ஒத்து வராது. ஓட்டையில் ரப்பர் வாஷர் போட்டு ஸ்குரூ ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்த தகட்டில் ஸ்குரூ இறங்கினால் கிழிசல் இன்னும் பெரிதாகும், அதைச் செய்யாதீர்கள்.

பெட்ரோல் ஆம்னியைக் கேம்பராக்கியவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பல பட்டிகளையும் பூச்சுகளையும் நாளடைவில் இளக்கும். டீசலில் ஒட்டு விட்டால் சொட்டும், தரை கறையாகும். பெட்ரோலில் விட்டால் அதன் ஆவி காற்றை விடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து, தூரத்தில் இருக்கும் அடுப்பைத் தேடிப் போகும். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் மாற்றிவிடுங்கள்.

உள்ளே பூசும் லைனர்

புல்லட் போன்ற பழைய பைக்குகளின் டேங்கில் இதைச் செய்து நல்ல பலன் கண்டவர்கள் நிறைய பேர். உள்ளே துருவை அமிலத்தால் கழுவி, காயவைத்து, எபாக்சி திரவத்தை ஊற்றி, டேங்கை எல்லாப் பக்கமும் உருட்டிப் புரட்டி, உள்சுவர் முழுக்க ஒரு தோல் மாதிரிப் படியவிடுவது. துருவை எடுக்க எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலமே போதும். கழிப்பறை கழுவும் ஆசிட் நல்ல தகட்டையும் தின்றுவிடும்.

வேன் டேங்குக்கு இது எனக்கு ஒப்பவில்லை. காரணம் தடுப்புத் தகடுகள். வளைவுகளில் டீசல் ஒரே பக்கமாக அலைமோதாமல் இருக்க உள்ளே தடுப்பு வைத்திருப்பார்கள். பைக் டேங்கைப் போல அதை உருட்டிப் பூச முடியாது. தடுப்புக்குப் பின்னால் ஒரு பக்கம் தேங்கும், இன்னொரு பக்கம் எட்டாது. பல வருஷத்து டீசல் பசை அந்த மூலைகளில் போயிருக்காது, அங்கே பூச்சு பிடிக்காமல் உரியும். உரிந்த துணுக்கு பில்டரை அடைத்து, மலை ஏறும்போது வண்டி இழுக்காமல் நிற்கும். இதற்குச் செலவழிக்கும் பணத்தையும் நாட்களையும் பழைய நல்ல டேங்க் ஒன்றுக்குச் செலவழிக்கலாம்.

பற்றவைப்பு: நாம் செய்யக் கூடாதது

ஈயப்பற்று, பித்தளை வெல்டிங், கேஸ் வெல்டிங், ஆர்க் வெல்டிங் என்று நான்கு வகை. ஊசித்துளைக்கும் விட்டுப்போன தையலுக்கும் ஈயம் நன்றாகப் பிடிக்கும். ரேடியேட்டர் கடைக்காரர்கள் இதில் தேர்ந்தவர்கள். பட்டை இறுக்கும் இடத்தில் விழுந்த விரிசலுக்கு ஈயம் நிற்காது, வண்டி அதிர அதிர விட்டுவிடும். அதற்குப் பித்தளை. பெரிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதென்றால் வெல்டிங். தரத்தில் பார்த்தால், நல்ல தகட்டில் நல்ல ஆள் போட்ட பற்றுதான் எல்லா ஒட்டையும் விட மேல். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் டீசல்தானே, தீக்குச்சி போட்டாலும் எரியாதே என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கும் வெல்டிங் மிஷினை எடுக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டீசலின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்பது நம் நாட்டுத் தரநிலை. சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் தகடே அதைத் தாண்டும். வெல்டிங் ராடு படும் இடத்தில் இரும்பே உருகுகிறது, அதாவது 1,400 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் சுவரில் ஒட்டியிருக்கும் பசை ஆவியாகும். பெட்ரோலின் ஆவியோ கடுங்குளிரில்கூடப் பற்றும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

செங்கோட்டையில் ரேடியேட்டர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் எங்கள் டேங்கைக் காட்டப் போனபோது, "அண்ணாச்சி, டீசலை முழுசா வடிச்சுட்டேன், காலி டேங்க்தான், இப்பவே வச்சுடலாமா?" என்று கேட்டேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலியா இருக்கிறதுதான் பயம். நெறஞ்சிருந்தா உள்ள காத்து இருக்காது. வடிச்சுட்டீங்கள்லா, இப்ப காத்தும் இருக்கு, ஆவியும் இருக்கு. நாளைக்கு வாங்க."

அந்த நாளைக்குள் அவர் செய்ததைப் பார்த்தால்தான், நமக்கு ஏன் இந்த வேலை இல்லை என்று புரியும். சோப்புத்தூள் போட்ட கொதிநீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார், திரும்பத் திரும்ப. பிறகு நீராவி. தடுப்புத் தகட்டின் இடுக்கிலும் மடித்த தையலிலும் டீசல் ஒளிந்திருக்கும். வெறும் தண்ணீர்க் கழுவலுக்கு அது வெளியே வராது, சூடு பட்டால்தான் வரும். கடைசியில் ஓட்டை மேல்பக்கம் வரும்படி டேங்கைச் சாய்த்து, வேலை செய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பினார். உள்ளே ஆவி சேரும் வெற்றிடம் கையளவுக்குச் சுருங்கிவிட்டது. எல்லா மூடிகளையும் திறந்தே வைத்தார். அப்புறம்தான் சூட்டுக்கோலை எடுத்தார். சில பட்டறைகளில் தண்ணீருக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடோ ஆர்கானோ செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுவார்கள், அதுவும் சரியான முறை. ஓடும் வண்டியின் சைலன்சர் புகையை உள்ளே விட்டால் போதும் என்று சொல்கிற பட்டறையும் உண்டு. டீசல் வண்டிப் புகையில் ஆக்சிஜன் கணிசமாக மிஞ்சியிருக்கும். அப்படிச் சொல்கிற இடத்திலிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆக, எங்கே கொடுப்பது என்று தேர்வு செய்ய ஒரே கேள்வி போதும்: "பற்றவைக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" கொதிநீர், நீராவி, தண்ணீர் நிரப்புவது, கேஸ் விடுவது இவற்றில் எதுவும் பதிலில் வரவில்லையென்றால் அது நம் பட்டறை இல்லை. வண்டியில் டேங்க் மாட்டியிருக்கும்போதே வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சையே வளர்க்க வேண்டாம்.

மாற்றுவதென்றால்

டெம்போ டிராவலர் மாதிரி நிறைய ஓடிய வண்டி என்றால் பழைய டேங்க் கிடைப்பது கஷ்டமில்லை. சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியதில்லை, திருநெல்வேலி, மதுரையில் வண்டி உடைக்கும் இடங்களில் விசாரித்தாலே வரும். மேட்டடோர் போன்ற நின்றுபோன வண்டிகளுக்குத்தான் அலைய வேண்டும். வாங்கும்போது வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தால் மயங்காதீர்கள். ப்ளோட் துளை வழியாக எட்ட நின்று டார்ச் அடித்து உள் அடிமட்டத்தைப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறம் என்றால் எடுக்கலாம், செங்கல் நிறம் என்றால் நம் டேங்கே தேவலை. விரலால் தையலைத் தடவி, ஏற்கெனவே பற்று வைத்த மேடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிடைக்காத வண்டிக்குப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். புனலூர்ப் பக்கமும் தென்காசிப் பக்கமும் தகட்டு வேலை தெரிந்த நல்ல டிங்கர்கள் இருக்கிறார்கள். செலவு எல்லாவற்றையும் விட அதிகம், ஆனால் வண்டியின் மிச்ச ஆயுளுக்கு இந்தக் கவலை போய்விடும். இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: துருப் பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் கட்டித் தருவதாகச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து உண்டாகும் பிசுக்கு பில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். சாதாரண இரும்புத் தகடு 16 கேஜில், அல்லது பணம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும். 60 லிட்டர் டீசல் ஏறக்குறைய 50 கிலோ எடை, கொண்டையூசி வளைவில் அது மொத்தமாக ஒரு பக்கம் பாயும். உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல் சற்று உயரத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் அடியில் சேரும் தண்ணீர் இன்ஜினுக்குப் போகாது. ரிட்டர்ன், ஏர் பைப், டிரெயின் நட் மூன்றையும் வரைந்தே கொடுத்துவிடுங்கள்.

புது டேங்க்தானே, கொஞ்சம் பெரிதாகவே கட்டுவோம், அல்லது பக்கத்தில் இன்னொன்று வைப்போம் என்ற ஆசை வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் மூல அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆரியங்காவில் நிறுத்திச் சோதிக்கிறவர்கள் இதில் கண்டிப்பானவர்கள். பழைய இடத்தில், பழைய அளவில், பழைய வடிவில் கட்டினால் பிரச்சினை இல்லை. 15 வருஷம் முடிந்த சொந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவு புதுப்பிக்கக் காட்டும்போதும் ஒழுகாத, ஒழுங்கான டேங்க் நமக்குச் சாதகம்.

இறக்கி ஏற்றும்போது

எந்த வழியைத் தேர்ந்தாலும் டேங்கை இறக்குவது பெரும்பாலும் நாம்தான். கேம்பரில் இரண்டு பேட்டரி இருக்கும், இன்ஜினுக்கு ஒன்று, லைட்டுக்கும் பிரிட்ஜுக்கும் ஒன்று. இரண்டின் நெகட்டிவையும் கழற்ற வேண்டும். பலர் முதல் பேட்டரியோடு நிறுத்திவிடுகிறார்கள். சோலார் பேனல் இருந்தால் அதன் இணைப்பையும் எடுங்கள், வெயில் இருக்கும் வரை அது மின்சாரம் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். கேஸ் சிலிண்டரை வால்வை மூடிவிட்டு வண்டியிலிருந்து வெளியே எடுத்து, தூரத்தில் வையுங்கள்.

வடித்த டீசலை இரும்புக் கேனில் பிடியுங்கள், குடிதண்ணீர்க் கேன் வேண்டாம். பெட்ரோல் என்றால் 30 லிட்டருக்கு மேல் உரிமம் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது, பிளாஸ்டிக்கில் பிடிப்பது நிலைமின்சாரத்தால் தீப்பற்றவும் வழி. மிச்சத்தில் பத்து லிட்டர் இருந்தாலே டேங்க் ஒரு பக்கமாகச் சாயும், ஆகவே பட்டையை அவிழ்க்கும் முன் அடியில் ஜாக்கியும் பலகையும் கொடுத்துத் தாங்க வேண்டும். இரண்டு ஆள் வேலை இது.

திரும்ப மாட்டும் முன் ஒரு கசிவுச் சோதனை. எல்லா வாயையும் அடைத்து, ஒரு ஹோஸில் சைக்கிள் பம்பால் மெதுவாக இரண்டு மூன்று அடி அடித்து, தையலெங்கும் சோப்பு நுரை பூசிப் பார்க்கலாம். பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டுவந்து வைத்தால் டேங்க் பலூன் போல உப்பிவிடும், அது அழுத்தம் தாங்கக் கட்டியதல்ல. பட்டைக்கு அடியில் பழைய கம்பளித் துண்டைத் திரும்ப வைக்காமல், தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் பட்டை கொடுத்து, அந்த அகலத்துக்கு எபாக்சி பிரைமரும் பெயின்டும் அடித்துவிடுங்கள். ஒட்டின் மேலேயே பட்டை இறுக வேண்டி வந்தால் ரப்பரைக் கொஞ்சம் தடிமனாக வையுங்கள்.

டீசல் வண்டி என்றால் உடனே ஸ்டார்ட் ஆகாது. லைனில் காற்று புகுந்திருக்கும், ஏர் எடுக்க வேண்டும். பில்டரின் மேல் உள்ள நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும் வரை விட்டு இறுக்குங்கள். அதற்கு முன் பில்டரையும் மாற்றிவிடுவது நல்லது. டேங்கைக் குலுக்கியதில் அடிவண்டல் எல்லாம் கலங்கியிருக்கும். முதலில் கால் டேங்க் ஊற்றி ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள், அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். சொட்டவில்லையென்றால் புல் டேங்க் அடித்து, குற்றாலம் வரை போய் வந்து மேல்பக்கக் கேஸ்கெட்டைத் தடவிப் பாருங்கள். மலையேறுவது அதற்குப் பிறகு. அப்போது கூடவே இன்னொரு பில்டரும் அதைக் கழற்றும் ஸ்பானரும் வண்டியில் இருக்கட்டும். முதல் ஐநூறு கிலோமீட்டருக்குள் மிச்ச வண்டல் ஒரு முறை வந்து அடைக்கக்கூடும், தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் ராத்திரியில் பில்டர் தேடி அலைய முடியாது.